கேப்டன் வார்ட்லியின் வாரிசுகள்

எண்பத்து நான்கு நாளுக்கு ஒரு முறை என் மனைவியின் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வேன். தேதி மறக்காமல் இருக்க ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவள் இருந்தபோது அவளே செய்துகொள்வாள். எனக்கும் சேர்த்துச் செய்வாள்.

மேடம், கமலினி டிஸ்டில்லரீஸ் யாருடைய கம்பெனி என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். வெள்ளைத்தாளைக் கொடுத்து, வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். இது எனக்குப் பழக்கமான வேலைதான். ஒரு கம்பெனியை யாரிடமிருந்து யார் வாங்கினார்கள், எந்தத் தேதியில் யார் பெயருக்கு மாறியது என்று எழுதும் வேலையைத்தான் நாவலூர் அலுவலகத்தில் நான்கு வருடமாகச் செய்கிறேன்.

என் பெயர் தினகரன். வயது முப்பத்து மூன்று. பி.காம். கம்பெனி செக்ரட்டரி படிப்பில் இரண்டாவது கட்டம்வரை முடித்திருக்கிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகை ஃபிளாட். இப்போது தனியாக இருக்கிறேன்.

கமலினிக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று பாட்டிலின் பின்பக்கம் இருப்பது. கேப்டன் வார்ட்லி என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1868-ல் மதராஸில் வந்து இறங்கினார், பாலாற்றுத் தண்ணீரின் ருசியில் மயங்கி அங்கேயே ஒரு வடிசாலை கட்டினார் என்று அதில் இருக்கும். கேப்டன் வார்ட்லி என்று யாரும் இருந்ததில்லை. நான் எழுதியது. விஸ்கி என்று சொல்லி நாங்கள் விற்றது கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயம். அதில் நிறமும் வாசனையும் சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட சரக்குக்கு ஒரு கேப்டன் தேவைப்படுகிறார்.

அதை எழுதிய நாள் ஞாபகம் இருக்கிறது. கல்யாணமாகி இரண்டு மாதம். ஜான்சி ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"அந்த கேப்டனுக்குப் பொண்டாட்டியே இல்லையா தினா?"

"இல்ல."

"பாவம். அவ்ளோத்தையும் தனியா உக்காந்து அவரேவா குடிச்சாரு?"

"ஒரு பொண்டாட்டி வச்சிடலாமா?"

"வை. நல்ல பேரா வை. கடைசில சொத்தெல்லாம் அவளுக்கு வர்ற மாதிரி எழுது."

எலினோர் என்று பெயர் வைத்தேன். 'கேப்டனின் மறைவுக்குப் பின் அவர் துணைவி எலினோர் வடிசாலையைக் கண்ணும் கருத்துமாக நடத்தினார்.' இன்றும் ஒவ்வொரு பாட்டிலிலும் அந்த வரி இருக்கிறது. அன்று ஜான்சி சிரித்தது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இரண்டாவது வரலாறு பதிவேட்டில் இருப்பது. எண்பதுகளின் தொடக்கத்தில், மதுவிலக்கு விலகிய சமயத்தில், மாம்பலத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் செங்கல்பட்டுக்கு அப்பால் ஆற்றோரம் நிலம் வாங்கி ஆலையைத் தொடங்கினார்கள். அம்மாவின் பெயரை வைத்தார்கள். என்ன ஆலை என்று அம்மாவுக்குக் கடைசிவரை சொல்லவில்லையாம். சர்க்கரை மில் என்றே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பிறகு சகோதரர்கள் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். கம்பெனி சினிமாவுக்கு வட்டிக்கு விடுகிற ஒருவரிடம் போனது. அவரிடமிருந்து ஹைதராபாத்துக்காரர்களிடம். அவர்களுக்கும் முடியாமல் பூட்டிக் கிடந்ததை வைத்தீஸ்வரன் சார் வாங்கினார்.

வாங்கினார் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். அவர் பெயர் எந்தத் தாளிலும் கிடையாது. பழைய கம்பெனி ஒன்றின் விவகாரத்தில் ஐந்து வருடம் இயக்குநராக இருக்கக் கூடாது என்று அவருக்குத் தடை இருந்தது. அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம். ஆளுக்கொரு பெயர் கொடுப்பது. வீட்டில் யாராவது ஒருவரின் ஆதார், பான் கார்டு, நான்கைந்து கையெழுத்து. பங்குகள் அந்தப் பெயரில் இருக்கும். தேதி போடாத மாற்றுப் பத்திரம் ஒன்றிலும் கையெழுத்து வாங்கி வைத்தீஸ்வரன் சாரின் பீரோவில் வைத்துவிடுவோம். அவர் நினைத்த நாளில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போடலாம். ஒருவருக்கும் இதுவரை எதுவும் ஆனதில்லை. தீபாவளிக்குப் பெயர் கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு பட்டுப்புடவை வரும்.

முதலில் டிரைவர் ஜெயவேலு தன் அம்மா கங்கம்மாவின் பெயரைக் கொடுத்திருந்தார். பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிறவர். ஜெயவேலு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"எங்கம்மா விஸ்கி ஃபேக்டரி ஓனரு சார். நேத்து ரேஷன் கடைல பாமாயில் இல்லன்ட்டான். ஓனரம்மாக்கே இல்லன்றான் பாரு, இன்னா தெகிரியம்."

கங்கம்மாவுக்குக் கண்புரை முற்றிக் கையெழுத்து ஒன்றுபோல் வராமல் போனதால் வேறு பெயர் தேவைப்பட்டது. "தினகரன், உங்க வீட்லேர்ந்து ஒரு பேர் வேணுமே" என்றார் வைத்தீஸ்வரன் சார். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார்.

நான் ஜான்சியின் பெயரைக் கொடுத்தேன். வருமான வரி சம்பந்தப்பட்ட தாள்கள் என்று அவளிடம் சொன்னேன். அவள் அடுப்பில் குழம்பு வைத்துவிட்டு வந்து, "எங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு தாளிலும் முதலில் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள். அப்புறம் கையெழுத்து.

"இது எதுக்கு?"

"ஸ்கூல்ல பரீட்சை பேப்பர்ல போடுவேன். நைனா சொல்லிக் குடுத்தது. கீழ எழுதுறது பொய்யா போயிடக் கூடாதாம்."

தாள்களை ஸ்கேன் செய்யும்போது மேல் ஓரத்தை வெட்டிவிட்டேன். அசல் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. இதோடு இணைத்திருக்கிறேன். சிலுவைகளைப் பார்க்கலாம்.

அப்படி ஜான்சி கமலினி டிஸ்டில்லரீஸின் பெரும்பான்மைப் பங்குதாரர் ஆனாள். இரண்டு இயக்குநர்களில் ஒருவர். இன்னொருவர் நான். ஆலையில் எது நடந்தாலும் சட்டப்படி பொறுப்பேற்க ஓர் இயக்குநரின் பெயரைக் கொடுத்தாக வேண்டும். அதற்கும் அவள் பெயரைத்தான் கொடுத்தோம். அடுத்த மாதம் எனக்கு அலுவலகத்தில் தனி அறை கிடைத்தது.

2023 மே மாதம், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வேலைக்கு நேர்காணல் போனாள். நான்கு வருடமாகக் காத்திருந்த வேலை. தாளாளரான சிஸ்டர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, தன் போனைத் திருப்பிக் காட்டினாராம். கம்பெனிகளின் பெயரும் இயக்குநர்களின் பெயரும் வருகிற ஏதோ ஓர் இணையப் பக்கம். "டீச்சர், இது நீங்களா?" ஜான்சி பார்த்துவிட்டு, "இல்ல சிஸ்டர், வேற யாராச்சும் ஜான்சியா இருக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோது இன்னொரு இயக்குநராக என் பெயர் இருந்தது.

அவள் கத்தவில்லை. வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் சிஸ்டர்கிட்ட உண்மையத்தான் சொல்றேன்னு நெனச்சேன் தினா" என்றாள். கொஞ்சம் கழித்து, "உன் வேலை உன்னோடது. நான் ஏதாச்சும் சொன்னேனா? என் பேரு எதுக்கு? என் பேர எடுத்துடு. வேற ஒண்ணும் வேணாம்."

எடுக்கிறேன் என்றேன். அடுத்த வாரம் என்றேன். பிறகு, காலாண்டு முடியட்டும் என்றேன். ஒரு பெயரை எடுத்தால் இன்னொரு பெயர் தயாராக இருக்க வேண்டும். அது அவளுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தது.

ஜூன் ஒன்றாம் தேதி அனகாபுத்தூரில் அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். இரவு அங்கேயே தங்கினாள். அங்கே உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினாள். மறுநாள் காலை அதைத் தானே நாவலூர் அலுவலகத்தில் கொடுக்க ஸ்கூட்டியில் கிளம்பினாள். எனக்குச் சொல்லவில்லை. மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி திரும்பியது. பத்து மணி இருபது நிமிடம். போக்குவரத்துப் போலீஸ் எழுதிய நேரம் அது.

மருத்துவமனையில் அவள் பையை என்னிடம் கொடுத்தார்கள். சாப்பாட்டு டப்பா, சிவப்பு மைப் பேனா, கவரில் அந்தக் கடிதம். மேல் ஓரத்தில் சிலுவை. கவருக்கு எதுவும் ஆகவில்லை. அதை அவள் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். கம்பெனி கொடுத்த தீபாவளிப் புடவையும் அங்கேதான் இருந்தது. அவள் அதைக் கட்டியதே இல்லை.

ஏன் கடிதத்தைப் பதிவு செய்யவில்லை என்று கேட்பீர்கள். ஓர் இயக்குநர் விலகினால் அரசாங்கத் தளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் தேர்ந்தெடுக்கச் சில கட்டங்கள் இருக்கும். ராஜினாமா ஒரு கட்டம். மரணம் ஒரு கட்டம். மூன்று முறை படிவத்தைத் திறந்தேன். இரண்டில் எதையும் அழுத்த முடியவில்லை. சேலையூர் கல்லறையில் அவள் பெயரைப் பொறித்துவிட்டார்கள். வங்கியில் நீக்கிவிட்டார்கள். ரேஷன் அட்டையில் நீக்கிவிட்டார்கள். அந்த ஒரு பதிவேட்டில்தான் அவள் இன்னும் இருந்தாள். 'நிலை: செயல்பாட்டில்' என்று பச்சை எழுத்தில் வரும். சில நாள் அலுவலகத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவள் பெயரை எடுத்தால் ஆலையின் பொறுப்பு மீதமிருக்கும் ஒரே இயக்குநரிடம் வரும். அது நான். இதுவும் எனக்குத் தெரியும். அப்போது அதை நினைத்தேனா என்று கேட்டால், நினைக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

செப்டம்பரில் ஒவ்வோர் இயக்குநரும் தன் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். போனுக்கு ஓடிபி வரும். அதற்காகத்தான் ரீசார்ஜ். அவள் போன் கட்டில் பக்கத்து மேஜையில் சார்ஜில் இருந்தது. ஒளிர்ந்தது. 'அன்புள்ள ஜான்சி' என்று தொடங்கி ஆறு எண்கள். துக்கம் விசாரித்து வந்த செய்திகளில்கூட யாரும் அவளை அப்படி அழைக்கவில்லை. எல்லோரும் எனக்குத்தான் எழுதினார்கள். அந்த ஆறு எண்களும் எனக்கு இன்னும் மனப்பாடம்.

அக்டோபரில் ஆலை மேலாளர் சூர்யநாராயணன் அவள் மின்னஞ்சலுக்கு எழுதினார். பெயர் கொடுத்தவர்களின் மின்னஞ்சல்களைப் பார்ப்பது என் வேலை. பொறுப்பாளர் இறந்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. அவர் அவளைப் பார்த்ததே இல்லை. 'மதிப்புக்குரிய மேடம், கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆட்கள் இறங்குகிறார்கள். உள்ளே வாயு தங்குகிறது. காற்று ஊதும் இயந்திரமும் முகமூடிகளும் உடனே தேவை. உங்கள் ஒப்புதல் வேண்டும்.'

நான் பதில் எழுதினேன். 'அடுத்த காலாண்டில் பார்க்கலாம். ஜான்சி.'

அனுப்பும் முன் ஒரு முறை படித்தேன். வறண்டு கிடந்தது. அவள் அப்படி எழுத மாட்டாள். 'அன்புடன்' என்று சேர்த்தேன்.

நவம்பரில் மறுபடி எழுதினார். ஜனவரியில் மறுபடி. இரண்டுக்கும் அதே பதில். அன்புடன், ஜான்சி.

பிப்ரவரி ஏழாம் தேதி எழில் என்பவர் தொட்டிக்குள் இறங்கினார். வயது இருபத்தாறு. விழுந்துவிட்டார். தூக்குவதற்கு இறங்கிய ஜாய்சனும் திரும்பி வரவில்லை. கம்பெனி பெயரோடு இரண்டு நாள் டி.வி.யில் ஓடியது.

மறுநாள் வைத்தீஸ்வரன் சார் என் அறைக்கு வந்தார். அதுவரை அவர் வந்ததில்லை. அவர்தான் கூப்பிடுவார்.

"பொறுப்பு யார்னு கேப்பான். உங்க ஒய்ஃப் பேர்தான் இருக்கு. அந்தம்மா போய் எட்டு மாசமாச்சு. இறந்தவா எப்படி ஃபேக்டரி நடத்துவா? மிச்சம் இருக்கறது ஒரே டைரக்டர்."

என்னைப் பார்த்தார். எனக்காக வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "வாரிசு, கீரிசு யாராவது உண்டா?" என்றார்.

"அவங்க அப்பா இருக்கார் சார்" என்றேன்.

அந்தப் பெயரை வைத்தீஸ்வரன் சார் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பெயரே தெரியாது. சொன்னது நான். இதைத் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

என் மாமனார் பெயர் சவுரிமுத்து. வயது அறுபத்தொன்று. அனகாபுத்தூரில் பள்ளி வேன் ஓட்டினார். இருபத்திரண்டு வருடம். மனைவி முன்பே இறந்துவிட்டார். பிள்ளை ஜான்சி ஒருத்திதான். குடிக்க மாட்டார். காலையில் பிள்ளைகளை ஏற்றிவிடும் அம்மாக்கள் வேடிக்கைக்கு, "அண்ணா, ஊதிக் காட்டுங்க" என்பார்கள். அவரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஊதிக் காட்டுவார். பிள்ளைகளும் கூடவே ஊதும். அது தினமும் நடக்கும்.

பிப்ரவரி பத்து, சனிக்கிழமை காலை போனேன். சந்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, சொல்லாம வந்துகீற. இளைச்சிட்டியே. சாப்ட்டியா?"

"ஆச்சு மாமா. ஜான்சி விஷயமா சில பேப்பர். உங்க கையெழுத்து வேணும்."

"ஜான்சிதா? குடு, குடு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஜான்சியின் பங்குகள் அப்பாவுக்கு மாறியதாகவும், போன ஜூலை முதலே அவர் இயக்குநராகவும் பொறுப்பாளராகவும் இருப்பதாகவும் எழுதிய தாள்கள். சட்டப்படி பங்குகளில் பாதி எனக்கு வரும். அதை விட்டுக்கொடுத்ததாக நானே எழுதி வைத்திருந்தேன். பழைய தேதி போடுவது கடினமில்லை. தாமதத்துக்கு அபராதம் கட்டினால் தளம் ஏற்றுக்கொள்ளும்.

தாள்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவருக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்திருந்தேன். முதல் தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே பெரிய எழுத்தில் இருந்த கம்பெனி பெயரின் மேல் விரலை வைத்தார். பிறகு கேட்டார்.

"இது உனக்கு ஓணுமா மாப்ள?"

"ஆமா மாமா."

"அப்ப செரி."

பதினொரு இடத்தில் கையெழுத்து. பதினொரு சிலுவை.

"நாமினி யாருன்னு ஒரு பேர் போடணும் மாமா."

"எனக்கு வேற யாரு கீறாங்க? உன் பேரயே போட்டுக்கோ."

டிஜிட்டல் கையெழுத்துக்கு வீடியோ எடுக்க வேண்டும். போனைப் பார்த்துத் தன் பெயரைச் சொல்லி, விண்ணப்பித்தது தான்தான் என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் இரு என்று உள்ளே போய், கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு வந்தார். ஜான்சி படத்துக்குப் பக்கத்தில் நின்றார். "நல்லாக் கீதா?" என்றார். "என் பேரு சவுரிமுத்து. நாந்தான் அப்ளை பண்ணேன்" என்று சத்தமாகச் சொன்னார். ஒரே முறையில் சரியாக வந்தது. ஓடிபி வந்தபோது கண்ணாடி இல்லை என்று போனை என்னிடமே கொடுத்துவிட்டார்.

கிளம்பும்போது அவரிடம் சொன்னேன்: "யாராவது வந்து கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லுங்க மாமா. இல்லன்னா ஜான்சி பேரு கெட்டுடும்."

இதைத்தான் நீங்கள் முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் மேடம். குற்றப் பத்திரிகையில் ஜான்சியின் பெயர் வரக் கூடாது. இரண்டு சாவுக்குப் பொறுப்பு என்று அவள் பெயர் பேப்பரில் வரக் கூடாது. அதற்காகத்தான் செய்தேன். அவரைக் கைது செய்வார்கள் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். தாள்களைத் தயார் செய்தபோதே தெரியும். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவரைப் பார்த்தபோதும் தெரிந்தது.

இருபத்திரண்டாம் தேதி மாலை வந்தார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு பாப்பா மட்டும் பாக்கி, வீட்டில் விட்டுட்டு வந்துடறேன் சார் என்று கேட்டிருக்கிறார். போலீஸ் ஜீப் வேனின் பின்னாலேயே போயிருக்கிறது. மறுநாள் பேப்பரில், 'மது ஆலை உரிமையாளர் கைது'. பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் என்ன எழுதினார்கள் என்று ஒருவர் எனக்கு அனுப்பினார். நான் படிக்கவில்லை. அழிக்கவும் இல்லை.

சிறையில் ஒரு முறை பார்த்தேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். நல்ல சத்தம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

"சாப்ட்டியா மாப்ள?"

"ம். உங்களுக்கு சுகர் மாத்திரை குடுக்கறாங்களா?"

"குடுக்கறான், குடுக்கறான். வண்டிய யாரு ஓட்றா? கிளட்ச் கொஞ்சம் பேஜாரு. பாத்து ஓட்டச் சொல்லு. புள்ளைங்க கீது." பிறகு வலைக்கு அருகே வந்தார். "உனக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வராது மாமா."

"அது போதும்."

மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஜாமீன் கிடைத்திருக்கும். வக்கீல் சொன்னார். மருமகன் என்ற முறையில் நான் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், எனக்கும் கம்பெனிக்கும் என்ன தொடர்பு என்று ஒரு பத்தி எழுத வேண்டும், அவ்வளவுதான். "இப்ப அசையாதீங்கோ" என்றார் வைத்தீஸ்வரன் சார். நான் அசையவில்லை. அந்தத் தாள் என் மேஜை மேல் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. தினமும் அதன் மேல் டீ வைத்துக் குடித்தேன்.

கைதான ஐம்பத்தோராம் நாள் காலை போன் வந்தது. மாமாவைச் சிறை மருத்துவப் பிரிவில் இரவு சேர்த்தார்களாம். சர்க்கரை ஏறிவிட்டதாம், விடிவதற்குள் இறந்துவிட்டாராம். ஜெயவேலு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். பல்லாவரம் தாண்டியதும், "எங்கம்மா பேரு எதுலயாச்சும் இன்னும் கீதா சார்?" என்று மட்டும் கேட்டார்.

மாமாவின் டிஜிட்டல் கையெழுத்து வழங்கப்பட்டது பிப்ரவரி பத்தாம் தேதி என்றும், ஜூலை முதல் இயக்குநராக இருந்தவருக்கு அதுவரை கையெழுத்தே இல்லாமல் இருந்தது எப்படி என்றும் நீங்கள் கண்டுபிடித்தது ஐம்பத்து மூன்றாம் நாள். குறை சொல்லவில்லை. கண்டுபிடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் என்று எதிர்பார்த்தேன்.

உடலோடு அவர் பொருட்களையும் கொடுத்தார்கள். கைதான அன்று சட்டைப் பையில் இருந்தவை. ஜெபமாலை, சீப்பு, மூக்குக் கண்ணாடி. பிளாஸ்டிக் உறைக்குள் ஓட்டுநர் உரிமம். உரிமத்துக்குப் பின்னால் நான்காக மடித்த ஒரு தாள்.

ஜான்சியின் கடிதத்தின் ஜெராக்ஸ். மேல் ஓரத்தில் சிலுவை. 'கமலினி டிஸ்டில்லரீஸ் கம்பெனியில் என் கணவர் எனக்குத் தெரியாமல் என்னை இயக்குநராகச் சேர்த்திருக்கிறார். இன்றிலிருந்து விலகுகிறேன். என் பெயரை நீக்கவும்.' கம்பெனி பெயரை மட்டும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். தாளின் பின்பக்கம் அவருடைய கோணல் எழுத்து. 'ஜூன் 2. ஜான்சி குடுத்தது. மாப்ளைகிட்ட கேக்கக் கூடாது. அவுங்களே பேசிக்குவாங்க.'

எட்டு மாதம் அந்தக் கம்பெனி பெயர் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. டி.வி.யில் பார்த்திருப்பார். நான் கொண்டுபோன தாளில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறார். உங்கள் ஆட்களிடம் அந்த ஒரு தாளை எடுத்துக் காட்டியிருந்தால் அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். என் பெயர் அதில் இல்லை. 'என் கணவர்' என்று இருக்கிறது. அது போதுமாக இருந்திருக்கும்.

அந்தத் தாளையும் இணைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கமலினி டிஸ்டில்லரீஸ் மாம்பலத்துச் சகோதரர்களுடையதாக இருந்தது. பிறகு வட்டிக்காரருடையது, ஹைதராபாத்துக்காரர்களுடையது. பதிவேட்டின்படி பிறகு பல்லாவரத்தில் பூ விற்கும் கங்கம்மாவுடையது. பிறகு ஜான்சியுடையது. ஜான்சிக்குப் பின் சவுரிமுத்துவுடையது. சவுரிமுத்துவின் மரணத்துக்குப் பின், நாமினி என்ற முறையில், பங்குகள் மருமகன் தினகரனைச் சேர்கின்றன. மாற்றுப் படிவத்தை நேற்று இரவு நானே நிரப்பினேன். அவருக்கும், இதுவரை நிரப்பாமல் விட்ட ஜான்சியின் விலகல் படிவத்துக்கும், காரணம் என்ற இடத்தில் மரணம் என்ற கட்டத்தை அழுத்தினேன். இந்த முறை கை நின்றுவிடவில்லை.

ஆகவே கம்பெனி என்னுடையது. தொட்டி என்னுடையது. 'அன்புடன்' என்று எழுதிய மூன்று பதில்களும் என்னுடையவை. எழில், ஜாய்சன், சவுரிமுத்து மூவரும் என் கணக்கில். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேல் ஓரத்தில் ஒன்றும் போடவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஒன்றை மட்டும் சரிபார்த்துவிட்டேன். இன்று காலை பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை தேடினேன். நடப்பு விவரங்களில் ஜான்சி என்று எங்கும் இல்லை. அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். செய்துவிட்டேன்.